மருந்துத் தெளிப்பு ட்ரோன்: இயக்கிப் பொருத்தம்

மருந்துத் தெளிப்பு ட்ரோனில் இயக்கிப் பொருத்தம் என்பது, தூக்கும் சுமைக்கும் பறக்கும் பாங்குக்கும் இசைய மோட்டார், விசிறி, மின்கலம் மூன்றையும் தேர்ந்தெடுப்பதாகும். ரேடியோவில் இயக்கும் மாதிரி விமானப் பொழுதுபோக்கில் பழகிய இந்தக் கணக்கு, காவிரி டெல்டாவில் நெற்பயிருக்கு மருந்தடிக்கும் தொழிலிலும் பயன்படுகிறது.

மாதிரி விமானங்களில்

பயிற்சி விமானத்தின் எடையை இறக்கை தாங்குவதால், எடையில் பாதிக்குச் சற்று மேலான உந்துவிசை போதும். சுமார் 6.5 கன சென்டிமீட்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இதற்கு நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. குட்டிக்கரணம் அடிக்கும் விமானத்துக்கு உந்துவிசை எடைக்கு நிகராக வேண்டும். மூக்கை வானுக்கு நிமிர்த்தி அந்தரத்தில் நிற்கும் 'த்ரீ-டி' பறப்புக்கு அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். விசிறியும் பாங்குக்கேற்ப மாறும்: வேகத்துக்குக் குறுகிய, சாய்வு மிகுந்த விசிறி, அந்தரத்தில் நிற்க அகன்ற, சாய்வு குறைந்த விசிறி.

டெல்டா வயலில்

வரப்புகளால் துண்டுபட்ட நன்செயில் விமானம் ஓடி எழ இடமில்லை. சம்பா அறுவடைக்குப் பின்னும் பல வயல்களில் உளுந்தும் பச்சைப்பயறும் நிற்கும். நின்ற இடத்திலிருந்தே எழும்பும் பலவிசிறி ட்ரோன் இங்கே பொருந்துவதற்கு அதுவே காரணம். ஆனால் அதற்கு இறக்கை இல்லாததால் முழு எடையையும் விசிறிகளே சுமக்க வேண்டும்.

தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருப்பதால், உயரத்தால் காற்று மெலிவது இங்கே பொருட்டல்ல, வெப்பமே பொருட்டு. 15 பாகை செல்சியசோடு ஒப்பிட்டால் 38 பாகையில் காற்றின் அடர்த்தி சுமார் 7 விழுக்காடு குறைவு. அதே எடையைத் தாங்க ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுதல் சக்தி தேவைப்படும். குறுவைக் காலத்து நண்பகலில் மோட்டாரும் மின்கலமும் சூடேறுவது இதனினும் பெரிய தொல்லை.

சுமைக் கணக்கு

இந்தியாவில் 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரையுள்ளவை 'சிறிய' வகை ட்ரோன்கள். அந்த வரம்புக்குள் அடங்கும் 10 லிட்டர் டேங்க் பரவலான அளவு. 25 கிலோ எடையுடன் எழும் ஆறு விசிறி ட்ரோனுக்கு, காற்றைச் சமாளித்துத் திரும்பவும் இடமிருக்க, மொத்த உந்துவிசை எடையைப்போல் இரு மடங்காக வேண்டும். அதாவது மோட்டாருக்குச் சுமார் 8.3 கிலோ. வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 100 சுற்று அளவில் மெதுவாகச் சுழலும் பிரஷ்லெஸ் மோட்டாரும் 30 அங்குல விசிறியும் இதற்கு ஏற்றவை.

டேங்க் காலியாகி எடை 15 கிலோவானதும், அந்தரத்தில் நிற்கத் தேவையான சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே, எழும்பும் கணத்தை வைத்தே மோட்டாரைத் தேர்கிறார்கள்.

விசிறிக் காற்று

விசிறிக் காற்று இங்கே தெளிப்பு வேலைக்கும் உதவுகிறது. புகையான் பூச்சி நெல்தூரின் அடிப்பகுதியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும். கீழ்நோக்கி வீசும் காற்று தாள்களை விலக்கி மருந்தை அடிவரை இறக்க உதவும். மிகத் தாழப் பறந்தால் பயிர் சாயும். மிக உயர்ந்தால் மருந்து அடுத்த வயலுக்குப் போகும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் நீர் வேண்டும். ட்ரோனுக்கு 10 லிட்டர் அளவே போதும். தஞ்சைக் கணக்கில் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், ஒரு டேங்கில் முடியும்.

பெட்ரோல் கலப்பு வகை

ஒரே எடைக்கு லித்தியம் மின்கலத்தைவிடப் பெட்ரோலில் பல மடங்கு ஆற்றல் உண்டு. ஆனால் பலவிசிறி ட்ரோன், ஒவ்வொரு விசிறியின் வேகத்தையும் நொடிக்குள் பலமுறை கூட்டிக் குறைத்தே சமநிலை காக்கிறது. பெட்ரோல் எஞ்சினால் அவ்வளவு விரைவாக வேகம் மாற்ற இயலாது. எனவே கலப்பு வகையில் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்ற, மோட்டார்கள் விசிறியைச் சுழற்றுகின்றன. மின்கலம் மாற்றும் வேலை மிச்சம். அதிர்வும் இரைச்சலும் பராமரிப்பும் கூடுதல்.

தமிழ்நாட்டில் வளர்ச்சியும் விதிகளும்

சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம், தமிழ்நாட்டில் ஆளில்லா வானூர்தி ஆய்வின் முதன்மைக் களம். அங்கு உருவான தக்ஷா மாணவர் குழுவுக்கு, மாதிரி விமான ஆர்வலரான நடிகர் அஜித்குமார் 2018இல் ஆலோசகரானார்.

2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. பயிர்மருந்து தெளிப்புக்கான செயல்முறை நெறிகளை ஒன்றிய வேளாண் அமைச்சகம் அதே ஆண்டு டிசம்பரில் வெளியிட்டது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் ட்ரோன் விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய், மானியமாகக் கிடைக்கும். பொழுதுபோக்குக்காகக் கண்ணெட்டும் தொலைவுக்குள் பறக்கும் 25 கிலோ வரையான மாதிரிக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. கூலிக்கு மருந்தடிக்கும் ட்ரோன் இந்த விலக்கில் வராது. அதை இயக்குபவரும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும்.