பத்திரம் சொல்லும் பாட்டன்மார்

நம்மவர் வீடுகளில் பாட்டன் பெருமை பேசாத வீடு அரிது. "எங்கள் முப்பாட்டனார் கவர்னர் துரையோடு ஒரே கப்பலில் வந்தவர்" என்பார் ஒருவர். "அந்தத் தெருவிற் பாதி எங்களுடையதாக இருந்தது, கோர்ட்டிலே போயிற்று" என்பார் மற்றொருவர். "நாங்கள் இன்ன ஜாதி, கூலிக்கு வந்தவர்களல்லோம்" என்பதைச் சொல்லாமற் சொல்வதற்கே இக்கதைகளிற் பல கட்டப்பட்டிருக்கின்றன. இவற்றைப் புராணமென்று தள்ளுவதும் எளிது. வேதமென்று நம்புவதும் எளிது. இவ்விரண்டையும் விடுத்து ஆதாரம் யாதெனத் தேடப் புகுவோனுக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று நில ஆபீசு, மற்றொன்று கோர்ட்டு.

இவ்விரண்டு இடத்திலும் உள்ள காகிதங்கள் எவனுடைய வாழ்க்கையையும் எழுதுவதற்காகத் தோன்றியவை அல்ல. ஒருவனுக்கு நிலம் கொடுக்கும்போதும், அவனிடம் வரி வாங்கும்போதும், அவன் கடன்படும்போதும், பிறர்மேல் வழக்குத் தொடுக்கும்போதும், அவன்மேல் பிறர் வழக்குத் தொடுக்கும்போதுமே சர்க்கார் அவன் பெயரை எழுதிக்கொண்டது. ஆகவே பாட்டனைத் தேடுவோர், "இக்காகிதம் எதற்காக எழுதப்பட்டது?" என்று முதலிற் கேட்டு, அதன் பின்னரே "இதிலே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கவேண்டும். இம்முறையைக் கைவிட்டவர்களே பழைய கிராண்டு ஒன்றைக் கண்டவுடன் தம் குலத்தை ராஜகுலமாக்கிவிடுகிறார்கள்.

எல்லாரும் பெயர் கேட்டிருக்கும் ஒருவரையே முதலில் எடுத்துக்கொள்வோம். நாராயண பிள்ளை பினாங்கில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவர். 1819ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ராபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது "இந்தியானா" என்னும் கப்பலில் அவருடன் வந்து சேர்ந்தார். கஜானாவில் நாணயங்களின் மெய் பொய் பார்ப்பது அவருக்குக் கிடைத்த முதல் வேலை. அவ்வேலைக்கு மலாக்காவிலிருந்து வேறோர் ஆள் வரவே, அவர் அதை விட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கினார். ஊரோ புதிது, கட்டிடமோ இல்லை, கட்டுவதற்குக் கல்லுமில்லை. தஞ்சோங் பாகார்ப் பக்கத்தில் செங்கற்சூளை போட்டார். பினாங்கிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வருவித்தார். கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடையும் வைத்தார். 1822இல் அந்தக் கடை தீப்பற்றி எரிந்துபோயிற்று. கடனுக்கு வாங்கிய சரக்கெல்லாம் சாம்பலாகிவிட, கடன் மாத்திரம் எரியாமல் நின்றது.

அப்போது அவர் ராபிள்ஸிடம் முறையிட்டார். இன்று ராபிள்ஸ் பிளேஸ் எனப்படும் கமர்ஷியல் ஸ்கொயரில் அவருக்கு நிலம் கிடைத்தது. அதிலே கிடங்குகள் எழுந்தன; பிள்ளையும் மீண்டும் எழுந்தார். கதை சொல்வோர் இதனைத் துரையின் தயாளம் என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுத் துறைமுகத்திற் செங்கல் சுடுகிறவனும், ஆள் வருவிக்கிறவனும், நம்மவரின் சச்சரவுகளைத் தீர்த்து வைக்கத் தக்கவனுமான ஒருவன் மூழ்கிப்போனால் கம்பெனிக்கும் நஷ்டமே. அந்த நிலம் பிச்சையன்று, கணக்கு.

மாரியம்மன் கோயில் நிலத்தின் வரலாறும் இத்தகையதே. சௌத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள அக்கோயிலுக்கு நிலம் வாங்கியவர் இந்நாராயண பிள்ளை என்பது யாவரும் அறிந்தது. ஆனால் அது ஒரு நாளில் ஒரு கையெழுத்தில் முடிந்த காரியமன்று. முதலிற் காட்டப்பட்ட இடம் தெலோக் ஆயர். பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கே அருகில் இல்லை. அடுத்து, பிற்காலத்தில் ஸ்டாம்போர்டு கால்வாய் என்று பெயர் பெற்ற ஓடைக்கருகே இடம் ஒதுக்கப்பட்டது. 1822ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நகரத் திட்டம் அவ்விடத்தை வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. 1823இல்தான் இப்போதுள்ள இடம் கிடைத்தது. 1827இல் மரமும் அத்தாப்புமாக முதற்கோயில் எழுந்தது. செங்கற் கட்டிடம் 1843இல் வந்தது. அம்மனே விரும்பி அமர்ந்த இடம் என்று பக்தர்கள் சொல்வதை நான் மறுக்கப் போவதில்லை. ஆயினும் இடத்தைக் கடைசியாகத் தீர்மானித்தவை ஓர் ஓடையும் ஒரு நகரப் படமும் என்று நிலக்கணக்கு சொல்லுகிறது. அத்தனை முறையும் விடாமல் ஆபீசுப் படியேறிய ஒரு மனிதனுடைய பிடிவாதத்தையும் அதே கணக்கு சொல்லுகிறது. பல்லக்கில் ஏற்றிய கதையைக் காட்டிலும் இந்தப் பிடிவாதம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 2019இல், சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டையொட்டி, ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலைக்கருகே அவருக்கும் சில காலம் சிலை நின்றது.

இங்கே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலக் குமாஸ்தாக்கள் நம்மவரை "சூலியா" என்றோ "கிளிங்" என்றோ ஒரே கூடையிற் போட்டு எழுதினார்கள். இந்துவானாலும் முஸ்லிமானாலும், ஊரிலே எவ்வளவு உயரமான திண்ணைக்கு உரியவனானாலும், காகிதத்தில் எல்லாரும் ஒரே கூட்டந்தான். ஜாதிப் பெருமைக்கு ஆதாரம் தேடி அங்கே செல்வோர் வெறுங்கையோடு திரும்புவர். ஒரு வேடிக்கையும் உண்டு. பிள்ளை, செட்டி முதலிய பட்டங்களைக் குடும்பப் பெயரென்று எண்ணி அவ்வெழுத்தின்கீழேயே அட்டவணையில் அடுக்கிவிட்டார்கள். அதனைப் பார்ப்பவர் தஞ்சாவூர்ப் பிள்ளையையும் திருநெல்வேலிப் பிள்ளையையும் அண்ணன் தம்பியென்று நினைத்தால் ஆச்சரியமில்லை. பட்டமில்லாத வீராசாமியோ ஒரு புத்தகத்தில் "வீரா"வின்கீழ் இருப்பான். மற்றொன்றில் இரண்டாகப் பிளக்கப்பட்டுச் "சாமி"யின்கீழ் இருப்பான். இன்னாருடைய மகன் என்று எழுதியிருக்கும் தகப்பன் பெயரையும், வந்த ஊரையும் ஒத்துப் பார்த்தாலன்றி ஆளைத் துணிதல் கூடாது.

கோர்ட்டுக்கு வருவோம். 1807ஆம் ஆண்டு அரச சாசனத்தால் பினாங்கில் நீதிமன்றம் ஏற்பட்டது. 1826ஆம் ஆண்டுச் சாசனம் அதனைச் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் விரித்தது. நில ஆபீசிலே ஒரு மனிதன் எல்லைக்கோடும் விஸ்தீரணமுமாகக் காய்ந்து கிடப்பான். உயில் வழக்கிலோ அவன் மனைவி மக்களோடும், மனத்தாங்கல்களோடும் எழுந்து வருவான். நிலப் பத்திரங்களிற் பெரும்பாலும் மறைந்து நிற்கும் பெண்கள் இங்கே முன்வரிசையில் நிற்பார்கள்.

1871இல் பினாங்குக் கோர்ட்டில் நடந்த ஒரு வழக்கு நம் மாணவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. மரைக்காயர் வழியினரான பெருவியாபாரி முகம்மது நூர்தீன் எழுதிவைத்த உயிலைப் பற்றியது அது. சட்டப் புத்தகங்களில் அது அவருடைய பெயரால் வழங்கவில்லை. பாத்திமா என்னும் பெண்மணி லோகன் முதலானோர்மீது தொடுத்த வழக்கென்றே வழங்குகிறது. இஸ்லாமிய விதிப்படி ஒருவர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் ஒதுக்க இயலாது; எஞ்சியது வாரிசுகளைச் சேரும். இங்கிலீஷ் சட்டத்தில் அத்தகைய கட்டு இல்லை. எந்தச் சட்டம் பினாங்கிற் செல்லும் என்பதே கேள்வி. ஒரு குடும்பத்துப் பாகத் தகராற்றைத் தீர்க்க வேண்டி, 1786இல் கெடா சுல்தானிடமிருந்து அத்தீவு கைமாறியபோது அங்கே குடிகள் இருந்தனரா, அவர்களுக்கென்று சட்டம் ஏதேனும் இருந்ததா என்பது வரையில் நீதிபதி ஹாக்கெட் ஆராயவேண்டியதாயிற்று. 1807ஆம் ஆண்டுச் சாசனத்தாலே இங்கிலீஷ் சட்டம் புகுந்துவிட்டது, ஆதலால் உயிலின் செல்லுபடியை அச்சட்டத்தாலேயே பார்க்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு நாட்டின் சட்ட வரலாற்றையே பேசவைத்த அவ்வழக்கின் முகப்பில் நிற்பது ஒரு பெண்ணின் பெயர். நூர்தீன் குடும்பத்துக் கல்லறை சூலியா ஸ்திரீட்டில் இன்றும் இருக்கிறது. அவ்வழியே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பாத்திமாவைத் தெரியும்?

இதுவரை பேசியவர்கள் சொத்துள்ளவர்கள். சொத்தில்லாதவனும் கோர்ட்டுக் காகிதத்தில் இருக்கிறான். ஆனால் கூண்டிற்குள் நிற்கிறான்.

கைதிகளைப் பற்றி நம்மவர் பேசக் கூசுகிறார்கள். பென்கூலன் டச்சுக்காரர் கைக்கு மாறவே, அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825ஆம் ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்துக் கைதிகள் 80 பேர். பின்னும் பலர் வந்தனர். ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், இன்று இஸ்தானா எனப்படும் கவர்னர் மாளிகையும் அவர்கள் உழைப்பால் எழுந்தவை. 1873இல் அந்தச் சிறைக்கூடம் மூடப்பட்டபோது, விடுதலை பெற்றவர்களிற் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிக் குடும்பம் வைத்தார்கள். அவர்களுக்கும் பேரன்மார் உண்டல்லவா? கவர்னரோடு கப்பலில் வந்த பாட்டன் நூறு வீட்டில் இருக்கிறான்; கவர்னர் மாளிகையைக் கட்டிய பாட்டன் ஒரு வீட்டிலும் இல்லை. இது என்ன கணக்கோ தெரியவில்லை.

தோட்டத்துத் தொழிலாளி விஷயமோ இன்னும் கசப்பானது. இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவனுக்குக் கப்பற் கூலியும் முன்பணமும் அவன் தலைமேலேயே கடனாக எழுதப்பட்டன. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் அது சிவில் வழக்கன்று, குற்றம். மாஜிஸ்திரேட்டு அவனைச் சிறைக்கு அனுப்பலாம். 1910இல் நிறுத்தப்படும் வரையில் இம்முறை இருந்தது. கடன்பட்ட பிள்ளைக்குக் கமர்ஷியல் ஸ்கொயரில் நிலம்; கடன்பட்ட கூலிக்குச் சிறை. இரண்டையும் எழுதியது ஒரே சர்க்கார்.

"ஓடிப்போனவன்" என்று ஒரு வரியில் எழுதப்பட்ட அம்மனிதனை என்னவென்று படிப்பது? குற்றவாளி என்று எழுதியது துரையின் வழக்கு. பாதை தெரியாத நாட்டில், பாஷை தெரியாமல், பிடித்தால் சிறை என்று தெரிந்தும் ஒருவன் காட்டு வழியே நடந்தானென்றால், அவன் விட்டு வந்த இடம் எப்படி இருந்திருக்கவேண்டும் என்பதற்கு அந்த ஒரு வரியே சாட்சி. லயத்திலே அவன் பட்டதைச் சொல்ல வேறு எவனும் பேனா எடுக்கவில்லை. 1890இல் சர்க்கார் தொழிலாளர் கமிஷன் ஒன்றை வைத்து விசாரித்தது உண்மையே. ஆயினும் தனித்தனி மனிதனின் பெயர் வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டுக் கோர்ட்டுச் செய்திகளையே புரட்டவேண்டும். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை இணையத்தில் இலவசமாகத் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. அதிலே ஓர் இரவைச் செலவிடுகிற வாலிபன், பாட்டன்மாரைப் பற்றி ஊரிற் கேட்காத செய்திகள் பலவற்றைக் கேட்பான்.

கிராணி வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதையும் சொல்லவேண்டும். நாங்கள் அன்றாடம் எழுதும் செக்ரோலும் அதே இனத்துக் காகிதமே. வந்தான், வரவில்லை என்ற இரண்டு குறிகளுக்குமேல் அதில் இடமில்லை. தாய் செத்ததற்காக வராதவனுக்கும் குடித்துக் கிடந்து வராதவனுக்கும் ஒரே குறிதான். நூறு ஆண்டு கழித்து அதைப் படிக்கிறவன் அக்குறியை வைத்து மனிதனை எடை போட்டால் அது அநியாயமாகும்.

நிலக்கணக்கில் தோட்டத் தொழிலாளி இல்லாமற் போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. குடியிருந்த லயமும், மாரியம்மன் கோயில் நின்ற மேடும், குழந்தைகள் படித்த கொட்டகையும் தோட்டத்துக் கிராண்டுக்குள் அடங்கியவை. மூன்று தலைமுறை அங்கே பிறந்து செத்தாலும் அந்தக் கிராண்டில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. 1950க்குப் பின்னர் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றபோது, வேலையும் வீடும் ஒரே நாளிற் போயின. தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் கிழவர்கள் முகம் மாறும்.

அந்த நிலையில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் கூலியிற் சிறுசிறு தொகையாகக் கட்டிப் பங்கு சேர, அப்பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. பால் வெட்டிய மரத்தில், ஒரு பங்கின் அளவுக்கேனும், வெட்டியவனுக்கும் வெட்டியவளுக்கும் உரிமை எழுதப்பட்டது. பழைய தோட்டத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் பாட்டன் வரலாற்றைத் தேடி லண்டனுக்கும் சென்னைக்கும் எழுதுமுன், வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறந்து அச்சங்கத்தின் பங்குச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால், அதிலுள்ள பெயர் பாட்டியின் பெயரா, பாட்டனின் பெயரா, எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று ஒரு தாளிற் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடக்கலாம்.