நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்த ஒளி



"இது தேர்வில் வருமா? இதனால் என்ன பயன்?" அறிவியல் பாடத்தில் பிள்ளை ஒன்றைத் துருவிக் கேட்டால், நம்மில் பலர் முதலில் எண்ணுவது இதைத்தான். அவ்வாறு எண்ணுவோர் லேசர் எனப்படும் சீரொளியின் வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

1916ஆம் ஆண்டு, முதல் உலகப் போர்க் காலம். பெர்லினில் இருந்த ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், ஒளிக்கும் அணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அணு ஒளியை ஏற்று உயர் ஆற்றல் நிலைக்குச் செல்லும். பின்னர்த் தானாகவே ஒளியை உமிழ்ந்து கீழ்நிலைக்குத் திரும்பும். இவ்விரண்டோடு மூன்றாவது ஒன்றும் உண்டென அவர் காட்டினார். உயர்நிலையில் உள்ள அணு உமிழவிருக்கும் அதே ஆற்றலுடைய ஒளித்துகள் ஒன்று அதனருகே வந்தால், அணு தூண்டப்பெற்றுத் தன் ஒளியை அப்போதே வெளிவிடும். வந்த துகளும் அழிவதில்லை, ஒன்று இரண்டாகிறது. இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே திசை, ஒரே அலைப்போக்கு. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இதுவே தூண்டிய உமிழ்வு.

எனில், ஏன் இத்தனை தாமதம்? இயல்பு நிலையில் கீழ்நிலை அணுக்களே மிகுதி. அவை ஒளியை விழுங்கிவிடும். ஒளி பெருக வேண்டுமானால் உயர்நிலை அணுக்கள் மிகுதியாக இருத்தல் வேண்டும். இதனை 1954-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸ் குழுவினர் அம்மோனியா வாயுவைக் கொண்டு நிகழ்த்திக் காட்டினர். ஆயினும், அதில் பெருகியது நுண்ணலையே. கண்ணுக்குப் புலப்படும் ஒளியன்று.

1960 மே 16-இல், கலிபோர்னியாவின் மாலிபு நகரில் தியோடர் மைமன் அதனையும் செய்து முடித்தார். செயற்கை மாணிக்கக் கோலின் இரு முனைகளிலும் வெள்ளி பூசி, அதனைச் சுற்றிச் சுருள் வடிவ மின்வெட்டு விளக்கை அமைத்தார். விளக்கின் ஒளி அணுக்களை உயர்நிலைக்கு ஏற்றியது. வெள்ளிப் பூச்சு ஒளியை முன்னும் பின்னும் திருப்பிப் பெருக்கியது. ஒரு முனையில் விடப்பட்ட சிறு துளை வழியே சிவந்த சீரொளி வெளிவந்தது.

அப்போதும், இதனை எதற்குப் பயன்படுத்துவது என்று கேட்டவர் பலர். 1974 ஜூன் 26-இல் ஓஹையோ மாநிலக் கடையொன்றில் சூயிங்கம் பொட்டலத்தின் பட்டைக் குறியீட்டை இவ்வொளி படித்தது. இன்று கண் அறுவை சிகிச்சையிலும், இணையத்தைச் சுமக்கும் கண்ணாடி இழையிலும் பயன்படுவது இதுவே.

ஐன்ஸ்டைன் 1955-இல் மறைந்தார். சீரொளியை அவர் காணவில்லை. பயன் தெரிந்த பிறகே சிந்திப்பது என்று அவர் இருந்திருந்தால்? வகுப்பில் அடுத்த முறை ஒரு கை உயரும்போது, "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்று சொல்லுமுன் இதனைச் சற்றே நினைத்துப் பார்ப்போம்.