ரன்

ஆங்கில வினைச்சொற்களுள் பொருட்பெருக்கத்தால் தலைமை பெற்றது. கால்களால் விரைந்து செல்லுதல் என்பதே இயல்பான பொருளாயினும், ஆறு பாய்தல், மூக்கு ஒழுகுதல், துணியின் சாயம் கரைந்து பரவுதல், யந்திரம் இயங்குதல், வியாபாரத்தை நிர்வகித்தல் எனச் சலனமும் தொடர்ச்சியும் உள்ள பற்பல காரியங்களுக்கும் அது விரிந்து சென்றது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் சொல்லே மிக நீண்ட பதிவைப் பெற்றிருந்தது; பின்னர் நிகழ்ந்த திருத்தத்தில், ‘ரன்’ என்னும் வினைக்கு மட்டும் 645 பொருள்கள் வகுக்கப்படவே, முதன்மை இதன் வசமாயிற்று. யந்திரங்களும் கணிப்பொறிகளும் பெருகியமை இவ்வளர்ச்சிக்கு முக்கிய ஹேதுவெனலாம்.

தேர்தலில் போட்டியிடுவோரைக் குறிக்க அமெரிக்கர் இச்சொல்லை வழங்க, பிரிட்டனில் ‘நிற்றல்’ என்னும் பொருளுடைய ‘ஸ்டாண்ட்’ வழங்குவது சுவையான முரண்பாடு. பெயர்ச்சொல்லாகவும் ‘ரன்’ பயிலும். வைப்புப் பணத்தைத் திரும்பப் பெற மக்கள் ஒருங்கே வங்கியை முற்றுகையிடுவதும், காலுறையில் ஓரிழை அறுந்து நெடுகப் பிரிவதும், கிரிக்கெட்டில் மட்டையாளர் ஈட்டும் ஓட்டமும் ‘ரன்’ என்றே பெயர் பெறும். எனினும் தரையில் பட்டுச் சென்ற பந்து எல்லைக்கோட்டைத் தொட்டாலோ கடந்தாலோ அவர் ஓரடியும் ஓடாமலே நான்கைப் பெறுகிறார்.