அட்மிரல் போன பிறகு...

கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்பது சுலபமான விஷயம். நேர்கோட்டு முறையா, குறைந்துசெல் மதிப்பு முறையா என்று பார்த்து வருஷா வருஷம் ஒரு தொகையைக் கழித்துவிட்டால் போதும். ஆனால் நடுக்கடலில், தனி ஆளாக, கடையோ பட்டறையோ இல்லாத இடத்தில் ஒரு பாகம் தேய்ந்து போனால்? இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. அதன் பெயர் சுஹைலி.

சுஹைலி 32 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரப் படகு. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1964-ல் கடலில் இறங்கியது. சொந்தக்காரர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், வணிகக் கப்பல் அதிகாரி.

1968-ல் லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. தனி ஆளாக, எங்கும் நிற்காமல், படகில் உலகைச் சுற்றி வர வேண்டும். முதலில் முடிப்பவருக்குக் கோப்பை, குறைந்த நாட்களில் முடிப்பவருக்கு 5,000 பவுண்டு. மொத்தம் 9 பேர் கிளம்பினார்கள். ராபின் ஜூன் 14 அன்று ஃபால்மத் துறைமுகத்தை விட்டார்.

தனி ஆள் 24 மணி நேரமும் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது. தூங்க வேண்டும், சமைக்க வேண்டும். அதற்காகத்தான் தானியங்கிச் சுக்கான். படகு திசை மாறினால் காற்று ஒரு தகட்டைத் தள்ளும். அந்தத் தகடு ஒரு துணைச் சுக்கானைத் திருப்பி, படகைப் பழைய திசைக்குக் கொண்டுவரும். ராபின் இதற்கு "அட்மிரல்" என்று பெயர் வைத்திருந்தார்!

பிரச்சனை என்னவென்றால், ஒவ்வொரு அலையும் சுக்கானை இடதும் வலதுமாக முறுக்கும். இணைப்புகளில் முதலில் நூலளவு ஆட்டம் வரும். ஆட்டம் வந்துவிட்டால் அடுத்தடுத்த அலைகள் சுத்தியல் மாதிரி அடிக்கும். செப்டம்பரில் தென்பெருங்கடலில் ஒரு பெரிய அலை படகையே பக்கவாட்டில் சாய்த்தது. அட்மிரலுக்குப் பலத்த அடி. ராபின் ஒட்டுப்போட்டு ஓட்டினார். நவம்பரில், ஆஸ்திரேலியாவை நெருங்கியபோது, அட்மிரல் மொத்தமாகப் போனது. இனி ஒட்டுப்போட எதுவும் இல்லை.

பாதி உலகம் பாக்கி. என்ன செய்தார்?

பாய்களையே சுக்கான் ஆக்கினார். முன்பக்கப் பாய் படகின் மூக்கைக் காற்றிலிருந்து விலக்கும். பின்பக்கப் பாய் காற்றை நோக்கித் திருப்பும். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, இழுத்து, சரியான இடத்தில் சுக்கான் பிடியைக் கயிற்றால் கட்டிவிட்டால் படகு தானே நேராகப் போகும். சுஹைலியின் அடிக்கட்டை நீளமானது என்பதால் இது சாத்தியமானது. எந்தக் காற்றுக்கு எந்தப் பாய் என்பதை அதற்குள் ராபின் பழகியிருந்தார். இப்படியே ஐந்து மாதங்களுக்கு மேல் ஓட்டி, ஹார்ன் முனையைக் கடந்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் வந்து சேர்ந்தார். மொத்தம் 312 நாட்கள்.

போட்டியை முடித்தவர் அவர் ஒருவர்தான். வேகமான படகுகள் வேறு இருந்தன. நைஜல் டெட்லியின் மூன்று உடல் படகு கடைசிக் கட்டத்தில் உடைந்து மூழ்கியது. டொனால்ட் குரோஹர்ஸ்ட் கடலிலேயே உயிரிழந்தார். 5,000 பவுண்டையும் ராபின் குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

பிறகு 1997-ல் சுஹைலி கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனது. அலை இல்லை, புயல் இல்லை. ஆனால் அந்த உலர்ந்த காற்றில் தேக்குப் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன! 2002-ல் ராபின் படகை வெளியே எடுத்து, மறுபடி பழுதுபார்க்கத் தொடங்கினார்.

உலகைச் சுற்றியும் தாங்கிய மரம், சும்மா நின்றபோது கெட்டது. இந்தத் தேய்மானத்தை எந்த முறையில் கணக்கெழுதுவது?