ஆற்றிடை நகரும் முட்டைப் பந்தும்

வட இத்தாலியின் பெருநதி போ. மேற்கே ஆல்ப்ஸ் மலையில் தோன்றிச் சமவெளி முழுவதையும் கடந்து ஏட்ரியாட்டிக் கடலில் கலப்பது. கடலை நெருங்கும் இடத்தில் அந்நதிக்கும், அதற்கு வடக்கே ஓடும் அடிஜே ஆற்றுக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் தாழ்நிலத்தைப் பொலேசினே என்பர். ஆறு உயரத்திலும் வயல் பள்ளத்திலுமாக அமைந்த மண் அது. கரைகளே அம்மக்களின் காவல் தெய்வங்கள். குளிர்காலம் முழுவதும் மூடுபனி கவிந்திருக்கும். மக்காச்சோளக் கூழையே பெரும்பான்மை உணவாகக் கொண்டதனால், சத்துக் குறைவால் வரும் தோல் நோய்க்குச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய தலைமுறைகள் அங்கே பெருமளவில் இரையாயின. அம்மாவட்டத்தின் தலைநகர் ரொவீகோ. ஏறத்தாழ 50,000 பேர் வாழும் சிறு நகரம்.

வெனிசைப் போன்று கலைச் சிறப்போ மிலானைப் போன்று செல்வச் செழிப்போ அதற்கு இல்லை. எனினும், காற்பந்தையே உயிராகக் கருதும் இத்தாலி நாட்டில், ரக்பி ஆட்டத்தைத் தன் முதல் ஆட்டமாக ஏற்றுக்கொண்ட ஊர் என்னும் பெயர் ரொவீகோவுக்கு உண்டு. இந்தப் பெயர் எவ்வாறு வந்தது?

இத்தாலிய ரக்பிச் சம்மேளனம் 1928இல் தோன்றியது. அப்போது நாட்டை ஆண்டவர் முசோலினி. ஆங்கிலேயர் ஆட்டங்களுக்கு மாற்றாக 'வொலாத்தா' என்னும் புதிய பந்தாட்டம் ஒன்றை அவருடைய கட்சியினர் புனைந்து பரப்ப முயன்றனர். ஆணையால் பிறந்த அவ்வாட்டம் ஒரு சில ஆண்டுகளிலேயே மறைந்தது. மக்கள் விரும்பாத ஆட்டத்தை எந்த அரசுதான் நிலைநிறுத்த இயலும்? ரக்பியோ பல்கலைக்கழக மாணவரிடையே மெல்லப் பரவிற்று. அருகிலுள்ள பாதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றுவந்த டீனோ லான்சோனி என்னும் ரொவீகோ இளைஞர், 1935இல் முட்டை வடிவப் பந்து ஒன்றைத் தம் ஊருக்குக் கொண்டுவந்தார். கழகத்தின் வரலாறு அந்த ஒரு பந்திலிருந்து தொடங்குகிறது. சிவப்பும் நீலமும் அதன் நிறங்களாயின. இறகு சூடிய தொப்பியோடு ஓட்டநடையில் அணிவகுக்கும் இத்தாலியக் காலாட்படையினரான 'பெர்சல்யேரி'யின் பெயரே ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயராயிற்று.

போருக்குப் பின் அவ்வணியின் உருவாக நின்றவர் மாரியோ பத்தாலீனி. ஊரார் அவரை 'மாச்சி' என்றே அழைத்தனர். பேருடல் படைத்த முன்னணி ஆட்டக்காரர். அத்தகைய உடல் படைத்தோர் பொதுவாக முட்டித் தள்ளும் வேலைக்கே உரியவர்கள்; இவரோ கோலை நோக்கிப் பந்தை உதைப்பதிலும் தேர்ந்தவர். பிரான்சு நாட்டின் வியேன், தூலோன் அணிகளில் ஆடிப் புகழ்பெற்ற பின் சொந்த ஊருக்கே திரும்பினார். 1951இல் ரொவீகோ முதன்முறையாக இத்தாலியச் சாம்பியன் பட்டத்தை வென்றது.

அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் போ ஆறு கரையை உடைத்தது.

பல நாள் இடைவிடாது பெய்த மழையால் பெருகிய வெள்ளம் ஒக்கியோபெல்லோ அருகே இடக்கரையைப் பெயர்த்துக்கொண்டு பொலேசினேயின் வயல்களுக்குள் பாய்ந்தது. அன்றிரவு தப்பியோடியவர்களை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று ஃப்ராசினெல்லே என்னுமிடத்தில் நீரில் சிக்கிக்கொள்ள, அதிலிருந்தவர்களுள் 84 பேர் மாண்டனர். மொத்தச் சாவு ஏறத்தாழ 100 எனும்போது, அந்த ஒரு வண்டியின் துயரம் எத்தகையது என்பது விளங்கும். ஏறத்தாழ 180,000 பேர் வீடிழந்தனர். கால்நடைகள் மிதந்தன, விதைத்த நிலம் ஏரியாயிற்று. நீர் வடிந்த பின்னரும் பலர் திரும்பவில்லை. தூரினுக்கும் மிலானுக்கும் தொழிற்சாலை வேலை தேடிக் குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்தனர். அடுத்த பல ஆண்டுகள் பொலேசினேயின் வரலாறு வெளியேறியவர்களின் வரலாறே.

இந்நிலையில் அவ்வூர் அணி என்ன செய்தது? 1952இல் மீண்டும் பட்டத்தை வென்றது. 1953இலும் வென்றது, 1954இலும் வென்றது. வெள்ளமே வீரத்தை ஊட்டியது என்று கூறுவது மிகையாகும். பத்தாலீனியும் அவர்தம் தோழரும் வெள்ளத்திற்கு முன்பே வல்லவர்கள். ஆயினும், நிலமும் நீரும் ஆளும் கைவிட்ட மாவட்டத்தில், ஞாயிறுதோறும் பெருமையோடு கூடிநிற்க ஓர் இடம் எஞ்சியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ரொவீகோ மக்கள் ரக்பியின் மேல் கொண்ட பற்று வெறும் பொழுதுபோக்கைக் கடந்தது இக்காலத்தில்தான் எனலாம். அவர்தம் விளையாட்டரங்கம் இன்றும் பத்தாலீனியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

1962 முதல் 1964 வரை மூன்று பட்டங்கள், 1976இல் மற்றொன்று. அதன் பின் 1977இல் ரொவீகோவுக்குப் பயிற்சியாளராக வந்தவர், அன்றைய ரக்பி உலகில் ஈடு காண்பதற்கரிய ஒருவர். அவர் கார்வின் ஜேம்ஸ். தென் வேல்ஸில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாக 1929இல் பிறந்தவர்; வெல்ஷ் மொழியையும் அதன் இலக்கியத்தையும் கற்பித்த ஆசிரியர். கடற்படையில் பணியாற்றியபோது ரஷ்ய மொழியைக் கற்றார். 1971இல் அவர் பயிற்றுவித்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்து மண்ணிலேயே நியூசிலாந்தை வென்று திரும்பியது. அங்கு நடந்த போட்டித் தொடர்களுள் லயன்ஸ் வென்றது அந்த ஒன்றுதான். மறு ஆண்டு, அவருடைய லனெல்லி ஊர் அணியும் அதே நியூசிலாந்து வீரர்களை 9–3 என்று தோற்கடித்தது.

இத்தகையவர் தம் தாய்நாட்டு அணிக்கு ஒருமுறைகூடப் பயிற்சியாளராக அமரவில்லை. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் தமக்கு வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். வேல்ஸ் ரக்பி நிர்வாகம் இணங்கவில்லை. வீட்டுக்கு ஆகாத விளக்கு அயலாரின் மாடத்தில் ஒளிர்ந்தது. கட்டளைக்குக் காத்திராமல் களத்தில் தாமே சிந்தித்து முடிவெடுக்குமாறு ஆட்டக்காரரைப் பழக்குவது அவர் முறை. நல்லாசிரியர் மாணாக்கரைப் பழக்கும் முறையும் இதுவன்றோ! 1979இல் ரொவீகோ மீண்டும் சாம்பியன் ஆயிற்று. 1980இல் அவர் விடைபெற்றார். 1983இல், 53ஆம் வயதில், ஆம்ஸ்டர்டாம் நகரில் காலமானார்.

அடுத்து வந்த புகழில் ஒரு நிழலும் உண்டு. 1988, 1990 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களுக்குத் துணைநின்றவர் தென்னாப்பிரிக்காவின் நாஸ் போத்தா. காலால் பந்தை உதைப்பதில் அந்நாளில் அவருக்கு நிகரானவர் சிலரே. நிறவெறிக் கொள்கைக்காகத் தென்னாப்பிரிக்கா உலக அரங்கிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. அந்நாட்டு அணிக்கு அடைபட்ட கதவு தனி ஆட்டக்காரருக்கு இத்தாலியில் திறந்தே இருந்தது. ரொவீகோ மட்டுமே இவ்வாறு செய்தது என்பதற்கில்லை, ஆனால், செய்தது.

ரொவீகோவின் பரம்பரைப் போட்டியாளர் பாதுவாவின் பெத்ரார்க்கா கழகம். 1947இல் தோன்றிய அக்கழகம் இத்தாலியப் பெருங்கவிஞர் பெத்ரார்க்காவின் பெயரைச் சூடிக்கொண்டது. ஒரு கவிஞர் பெயரில் முட்டி மோதும் அணி இருப்பது நமக்கு வியப்பளிக்கலாம். அவ்வூராருக்கு அது இயல்பு. ஒருபுறம் பல்கலைக்கழக நகரம், மறுபுறம் உழவர் நகரம். லான்சோனி பந்தைக் கொண்டுவந்ததும் அப்பாதுவாவிலிருந்துதான் என்பதை இரு தரப்பினரும் அடிக்கடி மறந்துவிடுகின்றனர்.

1990க்குப் பின் நீண்ட வறட்சி. ஊதியம் பெறாத ஆட்டம் தொழிலாக மாறிற்று. பெருநிறுவனத்தின் பின்பலம் பெற்ற திரெவீசோ முந்திற்று. 2010இல் அவ்வணி அயல்நாட்டு அணிகளோடு ஆடும் கெல்டிக் லீக்கில் சேர, உள்நாட்டுப் பட்டத்தின் மதிப்பும் குறைந்தது. ரொவீகோ மட்டும் அந்தப் பட்டத்தைச் சிறிதாக எண்ணவில்லை. 2011இல் சொந்த அரங்கில் பெத்ரார்க்காவிடம் இறுதியாட்டத்தை இழந்தது. 2015இல் அதே அரங்கில் கல்விசானோவிடம் 10–11 என்று ஒரே புள்ளியில் இழந்தது. மறு ஆண்டும் அதே அரங்கம், அதே எதிரணி. இம்முறை 20–13 என்று ரொவீகோ வென்றது. கடைசிப் பட்டம் வந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இடைவெளியில் பிறந்த ஒரு தலைமுறை, தந்தையர் வாயால் மட்டுமே கேட்டிருந்ததை அன்று பத்தாலீனி அரங்கில் கண்ணால் கண்டது.

2021இல் பாதுவாவிலேயே பெத்ரார்க்காவை 23–20 என்று வென்றனர். 2023இல் பார்மா நகரில், மீண்டும் அதே பெத்ரார்க்காவை வென்று 14ஆம் பட்டத்தோடு ஆறுகளுக்கிடையே உள்ள தம் ஊருக்குத் திரும்பினர்.