அன்னி பெசன்ட் – நாராயணய்யா வழக்கு

அன்னி பெசன்ட் – நாராயணய்யா வழக்கு (1912–1914) என்பது ஜே. கிருஷ்ணமூர்த்தி, அவருடைய தம்பி நித்யானந்தா ஆகிய இருவரும் யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்பது பற்றி நடந்த வழக்கு ஆகும். செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. பெற்றோர் பிரிந்த பின் குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்குகளில் இன்றும் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

ஜித்து நாராயணய்யா வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1905-இல் மனைவியை இழந்தார். 1909 ஜனவரியில் தம் பிள்ளைகளுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, அங்கேயே எழுத்து வேலை பார்த்தார். அதே ஆண்டில் சபையின் முக்கியஸ்தரான லெட்பீட்டர், அடையாற்றுக் கடற்கரையில் கிருஷ்ணமூர்த்தியைக் கண்டு, இவரே வரப்போகும் உலக ஆசான் என்றார். 1910 மார்ச் 6 அன்று இரு மகன்களின் பொறுப்பையும் சபைத் தலைவர் அன்னி பெசன்டிடம் ஒப்படைத்து நாராயணய்யா கடிதம் எழுதிக் கொடுத்தார். தாயில்லாப் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கிடைக்கும் என்று ஒரு தந்தை நினைத்ததில் வியப்பில்லை.

பின்னர் லெட்பீட்டரின் நடத்தை பற்றி அவருக்குக் கடும் ஐயம் எழுந்தது. 1912 தொடக்கத்தில் பெசன்ட் சிறுவர்களை மீண்டும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். அக்டோபரில் தந்தை வழக்குத் தொடுத்தார். அடையாற்றின் தென்கரை அப்போது சென்னை நகரத்துக்கு வெளியே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததால், வழக்கு முதலில் அங்கே பதிவாகிப் பிறகு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. தந்தைக்காக சி. பி. ராமசாமி ஐயர் வாதாடினார். பெசன்ட் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமல் தாமே வாதாடினார்.

நீதிமன்றம் பெசன்டுக்குப் புதிய இடமன்று. 1873-இல் கணவரைப் பிரிந்தபோது, மகன் தந்தையிடமும் மகள் மேபல் தாயிடமும் இருப்பதென உடன்படிக்கை எழுதப்பட்டது. அவர் நாத்திகம் பேசினார், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலை வெளியிட்டார் என்பதற்காக 1878-இல் ஆங்கில நீதிமன்றம் எட்டு வயதுகூட நிரம்பாத மேபலை அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் கொடுத்தது. மேல்முறையீடும் பயன் தரவில்லை. வளர்ந்த பின் இரு பிள்ளைகளும் தாயைத் தேடி வந்தார்கள். அப்படி ஒரு காயம் பட்டவரே, 35 ஆண்டுகளுக்குப் பின் ஒரு தந்தைக்கு எதிராகக் குழந்தைகளுக்காக வாதாடினார்.

1913 ஏப்ரல் 15 அன்று நீதிபதி பேக்வெல், மே 26-க்குள் சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். கூறப்பட்ட கடும் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் அவர் சொன்னார். அக்டோபரில் தலைமை நீதிபதி ஒயிட், நீதிபதி ஓல்டுஃபீல்டு ஆகியோர் அத்தீர்ப்பை உறுதி செய்தனர். பெசன்ட் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார்.

1914 மே 25 அன்று பார்க்கர் பிரபு வழங்கிய தீர்ப்பு வழக்கையே தள்ளுபடி செய்தது. தந்தையே இயற்கைக் காப்பாளர். அவர் பிள்ளைகளைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் புதிய வாழ்க்கையில் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு அதனால் கேடு வருமானால் நீதிமன்றம் தடுக்கலாம். இது முதற்கருத்து. அடுத்தது, 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். இங்கிலாந்தில் படிக்கும் சிறுவர்கள் செங்கல்பட்டில் வசிப்பவர்கள் அல்லர். மூன்றாவதுதான் மனத்தைத் தொடுவது. இரண்டு நீதிமன்றங்களில் இத்தனை வாதம் நடந்தும், அச்சிறுவர்கள் சார்பில் ஒருவரும் நிற்கவில்லை. அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. தீர்ப்பு வந்தபோது மூத்தவர் 18 வயதைக் கடந்திருந்தார்! வேண்டுமானால் இங்கிலாந்து நீதிமன்றத்தை அணுகலாம் என்று தந்தைக்கு வழி விடப்பட்டது. நாராயணய்யா 1924-இல் காலமானார்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டம், குழந்தையின் நலனையே முதன்மையாக வைத்தது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. எனினும் தந்தைக்குப் பிறகே தாய் காப்பாளர் என்ற சொற்றொடர் அதில் இருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதும், அவர் பொறுப்பேற்காத நிலையில் தாய் காப்பாளராகலாம் என விளக்கியது.

செங்கல்பட்டைக் குறித்து அன்று எழுந்த கேள்வி இன்றும் அப்படியே எழுகிறது. பிரிந்து வாழும் தாயோடு ஊரப்பாக்கத்தில் தங்கி, அங்கேயே பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்காக, திருச்சியில் வேலை பார்க்கும் தந்தை காப்பாளர் சட்டப்படி மனுப்போட வேண்டுமானால், அவர் திருச்சியில் போட முடியாது. செங்கல்பட்டு மாவட்டத்துக்குத்தான் வர வேண்டும். விவரம் அறிந்த வயதுப் பிள்ளையாக இருந்தால், நீதிபதி அதனிடமே பேசி அதன் விருப்பத்தையும் கருத்தில் கொள்ள 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. கிருஷ்ணமூர்த்தியிடமும் நித்யாவிடமும் கேட்டிருக்க வேண்டிய காலத்தில் அந்தப் பிரிவு நடைமுறையில்தான் இருந்தது.