காற்றுத்தூரிகை

காற்றுத்தூரிகை (ஏர்பிரசு) என்பது அமுக்கப்பட்ட காற்றைக் கொண்டு வண்ணத்தை நுண்துளிகளாகத் தெளிக்கும் சிறிய கைக்கருவி ஆகும். நெகிழி மாதிரிகள், கொலுப் பொம்மைகள் முதலியவற்றுக்குத் தூரிகைத் தடமின்றி நிறமூட்ட இது பயன்படுகின்றது. இதற்கு முன்னோடியான தெளிப்பானுக்கு அமெரிக்கரான பிரான்சிசு எட்கர் இசுட்டான்லி 1876 இல் காப்புரிமை பெற்றார்.

வகைகள்

ஒற்றைச் செயல் வகையில் விசையை அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வெளிவரும். இரட்டைச் செயல் வகையில் அழுத்தினால் காற்றும், பின்னிழுத்தால் வண்ணமும் வரும். ஆகவே கோட்டின் தடிமனை வரையும்போதே மாற்றலாம். 0.2 மி.மீ. முனை நுண்கோடுகளுக்கும், 0.5 மி.மீ. முனை அகன்ற பரப்புகளுக்கும் ஏற்றது. புதியவர்களுக்கு 0.3 மி.மீ. முனையுள்ள இரட்டைச் செயல் வகை பொதுவாகப் பொருந்தும்.

பயன்படுத்தும் முறை

வண்ணத்தைப் பால் பதத்திற்கு நீர்த்து, ஏறத்தாழ 15 முதல் 25 பி.எசு.ஐ. அழுத்தத்தில் மெல்லிய படலங்களாகத் தெளிக்க வேண்டும். புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. அமுக்கப்பட்ட காற்று குளிர்கையில் அவ்வீரம் நீராகி, வண்ணத்துடன் தெறித்துப் பரப்பைக் கெடுக்கும். எனவே காற்றழுத்தியையும் தூரிகையையும் இணைக்கும் குழாயில் நீர்வடிப்பான் பொருத்துதல் இன்றியமையாதது. நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் முனையைக் கழுவாவிடில் வண்ணம் உலர்ந்து அடைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு

நச்சற்றவை எனப்படும் நீர்வண்ணங்களின் துளிகளும் நுரையீரலுக்குள் செல்லக்கூடியவை. கரைப்பான் ஆவியைத் துணி முகமூடி தடுக்காது. அதற்குக் கரிவடிப்பான் கொண்ட சுவாசக் கவசமும் காற்றோட்டமான இடமும் தேவை.